பிடிப்பதும் விடுவதும்

மோட்டார் சைக்கிளை நடு ஸ்டாண்டில் ஏற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் ஒரு முறை சுழற்றினால், அது சில சுற்றுகளாவது தாராளமாக ஓடவேண்டும். அரைச் சுற்றிலேயே முனகிக்கொண்டு நின்றுவிடுமானால், பின் பிரேக்கு தான் பிடித்த பிடியை விடவில்லை என்று அறியலாம். அத்தகைய வண்டியில் எஞ்சின் திணறும், பெட்ரோல் வீணாகும், சிறிது தூரம் ஓடியதும் சக்கரத்தின் நடுவிலுள்ள டிரம் தொட முடியாதபடி சுடும். மழையில் நனைந்த சாலையில் அச்சக்கரம் திடீரென்று பூட்டிக்கொண்டால், வண்டி பக்கவாட்டில் சறுக்கி ஓட்டுபவரை வீழ்த்திவிடும்.

பிரேக்கின் வரலாற்றைச் சொல்லுவோர் பெரும்பாலும் எவ்வளவு விரைவாக வண்டியை நிறுத்த முடிந்தது என்பதையே சொல்லுகின்றனர். பிடித்ததை விடுவது எவ்வாறு என்பதும் அதே அளவு பழமையான வினா. அதுவே கடினமான பாதி என்பது என் கருத்து.

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் சரக்கு வண்டிக்காரர்கள் இறக்கத்தில் வண்டியைக் கட்டுப்படுத்த ஓர் எளிய வழியைக் கையாண்டனர். பிரேக்குக் கட்டைக்கும் சக்கரத்துக்கும் இடையே பழைய பூட்ஸ் தோலைச் செருகினர். இதனைக் கண்ட ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், உராய்வுக்கென்றே தனிப் பொருள் செய்யலாமே என்று எண்ணி, 1897-இல் அத்தொழிலைத் தொடங்கினார். தம் பெயரின் எழுத்துகளை மாற்றியமைத்து அவர் சூட்டிய ஃபெரோடோ என்ற பெயர் பின்னர் உலகெங்கும் பரவியது. அந்நாளைய பிரேக்குகள் வெளிப்படையானவை. கட்டை சக்கரத்தில் ஒட்டிக்கொண்டால் கண்ணுக்குத் தெரியும். காலால் ஓர் உதை கொடுத்தால் விட்டுவிடும்! ஆனால் மழையும் சேறும் பட்டால் பிடிக்க வேண்டிய நேரத்தில் அவை வழுக்கின.

1902-இல் பிரான்சு நாட்டின் லூயி ரெனோ டிரம் பிரேக்கை அமைத்தார். 1920-களில் அது மோட்டார் சைக்கிள்களில் பரவலாக இடம்பெற்றது. அதன் அமைப்பைச் சற்று மனத்தில் வரைந்து பாருங்கள். சக்கரத்தோடு சுழலும் ஒரு வட்டமான கிண்ணம், அதுவே டிரம். உள்ளே பிறை வடிவில் இரண்டு ஷூக்கள். அவற்றின் முதுகில் உராய்வுப் பட்டையான லைனிங். ஷூக்களின் ஒரு முனை ஓர் ஊன்றில் நிற்க, மறு முனைகளுக்கு இடையே கேம் எனப்படும் தட்டையான தலை கொண்ட தண்டு உள்ளது. பெடலை மிதித்தால் கம்பி இழுக்கும், கேம் திரும்பும், ஷூக்கள் விரிந்து டிரம்மின் உட்சுவரைப் பற்றும். அவற்றைத் திரும்ப உள்ளே இழுப்பவை சிறிய ஸ்பிரிங்குகள். பிடிப்பதற்கு ஒரு மனிதனின் காலின் முழு வலிமையும் உண்டு. விடுவதற்கு உதவுபவை அச்சிறு ஸ்பிரிங்குகளே. வழியில் சிறிது துரு ஏறினாலும் அவை தோற்றுவிடும். உள்ளே நடப்பதோ வெளியே தெரியாது.

ஏன் இப்படி அமைத்தார்கள் என்று கேட்கலாம். ரயிலில் இதற்கு நேர்மாறான அமைப்பு உண்டு. 1889 ஜூன் 12-ஆம் நாள் அயர்லாந்தின் அர்மா நகருக்கு அருகே, ஞாயிறுப் பள்ளிச் சிறுவர்களை ஏற்றிச் சென்ற உல்லாசப் பயண ரயில் ஏற்றத்தில் நின்றுவிட்டது. பணியாளர்கள் வண்டியை இரண்டாகப் பிரித்தனர். பின்பகுதி எஞ்சினிலிருந்து பிரிந்ததும் தன் பிரேக்கை இழந்தது. இறக்கத்தில் பின்னோக்கி ஓடி, தொடர்ந்து வந்த ரயிலின் மீது மோதியது. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் குழந்தைகள். அவ்வாண்டே பிரிட்டிஷ் பாராளுமன்றம் பயணிகள் ரயில்களுக்குத் தானியங்கி பிரேக்கைக் கட்டாயமாக்கியது. அதில் இணைப்பு அறுந்தால் பிரேக்கு தானே பிடித்துக்கொள்ளும். ரயிலுக்கு இது பாதுகாப்பு. இரு சக்கரத்தில் நிலைகொள்ளும் வண்டிக்கோ தானே பிடித்துக்கொள்ளும் பிரேக்கு ஆபத்து. ஆகவேதான் இங்கே ஸ்பிரிங்கின் இயல்பு நிலை விடுதலையாக வைக்கப்பட்டது.

இனி, விடாத பிரேக்கை விடுவிக்கும் முறைக்கு வருவோம். முதலில் கம்பியின் முனையிலுள்ள நட்டைச் சில சுற்றுத் தளர்த்த வேண்டும். சக்கரம் உடனே இலகுவாகச் சுழன்றால், கம்பி மிகை இறுக்கமாக இருந்தது என்பது தெளிவு. இதற்குப் பலர் அறியாத ஒரு காரணம் உண்டு. தளர்ந்த சங்கிலியை இறுக்கச் சக்கரத்தைப் பின்னுக்கு நகர்த்துகிறோம். அப்பொழுது பெடலுக்கும் பிரேக்குக்கும் உள்ள தூரம் கூடி, கம்பி தானாகவே இழுபடுகிறது. சங்கிலியைச் சரிசெய்தவர் பிரேக்கு நட்டையும் சரிசெய்யாமல் விட்டால் மறுநாளே டிரம் கொதிக்கும். பெடல் பிடிக்கத் தொடங்குவதற்கு முன் சிறிது வெற்றசைவு இருத்தல் வேண்டும்.

நட்டைத் தளர்த்தியும் சக்கரம் விடாமல், டிரம்முக்கு வெளியேயுள்ள நெம்புகோலைக் கையால் பின்னே தள்ளியபின் விடுமானால், குற்றம் கேமின் தண்டில் அல்லது ஸ்பிரிங்கில் இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி, நெம்புகோல் இருந்த நிலைக்கு ஓர் அடையாளக் கோடிட்டு, தண்டை வெளியே எடுக்க வேண்டும். உலர்ந்த கிரீஸும் துருவும் அதன் மீது பழுப்பு மேலாடைபோல் படிந்திருக்கும். நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, துளையையும் துடைத்து, வெப்பம் தாங்கும் கிரீஸை மெல்லிய பூச்சாக இடுதல் போதும். தாராளமாகப் பூசினால் அது உருகி லைனிங்கில் பட்டு, பிடிக்கும் ஆற்றலையே கெடுத்துவிடும். நீண்டு தளர்ந்த ஸ்பிரிங்குகளைச் சேர்த்தே மாற்ற வேண்டும். லைனிங் மிகத் தேய்ந்திருந்தால் கேம் அளவுக்கு மீறித் திரும்பி, திரும்பி வர இயலாமல் சிக்கிக்கொள்ளும். அப்பொழுது நெம்புகோலை மட்டும் ஒரு பல் மாற்றிப் பூட்டி ஒப்பேற்றுவது மிகத் தவறு. புதிய ஷூ ஒன்றே வழி.

டிரம்மைத் திறந்ததும் உள்ளே கிடக்கும் கரும்பொடியை வாயால் ஊதுவது பட்டறைகளில் நெடுங்காலப் பழக்கம். ஃப்ரூட் 1908 முதல் லைனிங்கில் கல்நாரைச் சேர்த்தார். வெப்பத்தை அது நன்கு தாங்கியது. அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை விளைவிக்கும் என்பது பின்னரே உறுதிப்பட்டது. பிரிட்டன் 1999-இல் கல்நாரை முற்றிலும் தடைசெய்தது. பழைய வண்டியில் எந்த லைனிங் உள்ளது என்று யார் அறிவார்? ஈரத்துணியால் துடைப்பதே நன்று.

நம் நாட்டில் இக்கதை சென்னையோடும் தொடர்புடையது. 1955-இல் இங்கு என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றி, புல்லட் வண்டிகளைத் திருவொற்றியூரில் உருவாக்கத் தொடங்கியது. பழைய புல்லட்டில் பிரேக்கு இடக்காலுக்கும் கியர் வலக்காலுக்கும் உரியன. வேறு வண்டியிலிருந்து அதற்கு மாறியவர் முதல் வாரத்தில் பட்ட பாடு பெரிது!

அதே பெயர் கொண்ட இங்கிலாந்து வண்டி ஒன்று இவ்வரலாற்றில் மற்றோர் இடத்திலும் வருகிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகும் கணத்தில் பிரேக்கைத் தானே விட்டு, மீண்டும் பிடிக்கும் மாக்சரெட் என்னும் கருவி முதலில் விமானச் சக்கரங்களுக்காக உருவானது. 1958-இல் அங்குள்ள சாலை ஆராய்ச்சிக் கூடத்தினர் அதனை ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியர் மோட்டார் சைக்கிளில் பொருத்திச் சோதித்தனர். நனைந்த சாலையில் பயன் தெரிந்தது. எனினும் அது விற்பனைக்கு வரவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1988-இல், பி.எம்.டபிள்யூ. நிறுவனம் ஏ.பி.எஸ். எனப்படும் மின்னணு அமைப்பை மோட்டார் சைக்கிளில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு அது கட்டாயமாயிற்று. அதற்குட்பட்ட சிறிய வண்டிகளில் முன்பின் பிரேக்குகளை இணைக்கும் அமைப்பும் போதுமென்று விதி இடம் தந்தது. அத்தகைய வண்டிகள் பலவற்றின் பின்சக்கரத்தில் ரெனோ காலத்து டிரம்மும், கேமும், ஸ்பிரிங்குகளும் அப்படியே தொடர்ந்தன.