சிலப்பதிகாரப் பொற்கொல்லன்: நோக்கமும் சூழ்ச்சியும்

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் வரும் பொற்கொல்லன், கோவலனின் கொலைக்கு நேரடிக் காரணமானவன். பாண்டிமாதேவியின் சிலம்பைத் திருடி மறைத்து வைத்திருந்த இவன், தன் களவு வெளிப்படாமல் இருக்கக் கோவலன் மீது திருட்டுப் பழியைச் சுமத்தினான். காப்பியத்தின் பதினாறாவது பகுதியான கொலைக்களக் காதையில் மட்டுமே இவன் நேரில் தோன்றிப் பேசுகிறான். இவனுக்குப் பெயரும் கொடுக்கப்படவில்லை. ஆனால் பாண்டியன் நெடுஞ்செழியனின் மரணம், கோப்பெருந்தேவியின் மரணம், மதுரையின் எரிப்பு ஆகிய அனைத்தும் இவன் சொன்ன ஒரு பொய்யிலிருந்து தொடங்குகின்றன.

பின்னணி

மாதவியைப் பிரிந்து செல்வம் இழந்த கோவலன், கண்ணகியுடனும் கவுந்தியடிகளுடனும் புகாரிலிருந்து மதுரைக்கு வந்தான். முதல் நாள் நகரைச் சுற்றிப் பார்த்தான். ஊர்காண் காதையில் மதுரையின் மணிக்கடைத் தெருவும் பொன்கடைத் தெருவும் விரிவாகச் சொல்லப்படுகின்றன. சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்னும் நால்வகைப் பொன்னையும் வாங்குவோர் அறிய அங்கே கொடி கட்டியிருந்தனர் என்கிறது காப்பியம். இன்றும் மதுரையில் தெற்காவணி மூல வீதி நகைக்கடைகளுக்குப் பெயர் பெற்றது.

மறுநாள் ஆயர் குடியில் மாதரியின் பாதுகாப்பில் கண்ணகியை விட்டுவிட்டு, அவளது சிலம்புகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கோவலன் நகருக்குள் சென்றான். விற்று வரும் பணத்தைக் கொண்டு வாணிகம் தொடங்குவது அவன் எண்ணம். மதுரையில் அவனுக்குத் தெரிந்தவர் எவரும் இல்லை. வணிகர் யாரிடமும் அறிமுகம் பெறும் முன்பே பொற்கொல்லனைச் சந்தித்துவிட்டான்.

நோக்கம்

நூறு கொல்லர்கள் பின்தொடர, மேலங்கி அணிந்து தெருவில் வந்தான் பொற்கொல்லன். அரண்மனையோடு தொடர்புடையவன் என்பது அந்தத் தோற்றத்திலேயே தெரிந்தது. அரசன் தேவிக்கு ஏற்ற ஒரு காலணிக்கு விலைமதிக்க முடியுமா என்று கோவலனே முதலில் கேட்டான். தனக்கு அவ்வளவு தெரியாது என்றும், இருந்தாலும் அரசர்க்கு முடி முதலிய அணிகலன்களைச் செய்பவன் என்றும் பொற்கொல்லன் பணிவாகப் பதில் சொன்னான். கோவலன் பொதியை அவிழ்த்துச் சிலம்பைக் காட்டினான்.

இந்தச் சந்திப்புக்கு முன் பொற்கொல்லனுக்குக் கோவலனைத் தெரியாது. அவன் மீது பகையோ பொறாமையோ இல்லை. தான் திருடிய சிலம்பு பற்றிய செய்தி அரசனுக்கு எட்டிவிடுமோ என்ற அச்சம் மட்டுமே அவனிடம் ஏற்கெனவே இருந்தது. இந்த நிலையில் ஊருக்குப் புதியவன் ஒருவன், தேவியின் சிலம்பைப் போன்ற ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, தேவியின் பெயரையும் தானே சொல்லிக்கொண்டு எதிரே வந்து நின்றான். அயலூரானாகிய இவனைக் கொண்டு தன் குற்றத்தை மறைக்கலாம் என்று பொற்கொல்லன் முடிவு செய்தான். காப்பியம் இந்த எண்ணத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. எனவே அவன் நோக்கம் குறித்து வாசகர் ஊகிக்க ஒன்றும் இல்லை.

ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகத்தில் வரும் இயாகோவோடு இவனை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். இயாகோவும் ஒரு சிறு பொருளைச் சான்றாக்குகிறான். அது டெஸ்டிமோனாவின் கைக்குட்டை. பதவி உயர்வு கிடைக்காதது, மனைவி மீதான சந்தேகம் எனப் பல காரணங்களை அவன் மாற்றி மாற்றிச் சொல்வதால், அவனது உண்மையான நோக்கம் எது என்பது திறனாய்வாளர்களிடையே நீண்ட விவாதமானது. பொற்கொல்லனிடம் அந்தப் புதிர் இல்லை. தப்பித்துக்கொள்ள வேண்டும் என்ற சாதாரண ஆசைதான் அவனை இயக்குகிறது. கோவலனை வெறுக்காமலேயே அவனைக் கொல்லக் கொடுக்கிறான்.

அரசனிடம் செய்த சூழ்ச்சி

இந்தச் சிலம்பு கோப்பெருந்தேவிக்கு அன்றி வேறு எவருக்கும் பொருந்தாது, அரசனிடம் அறிவித்து வரும்வரை என் சிறுகுடிலின் அருகே இரு என்று கோவலனிடம் சொல்லிவிட்டுப் பொற்கொல்லன் அரண்மனைக்குப் போனான். கோவலன் அருகிலிருந்த கோயில் மதிலின் உட்புறத்தில் காத்திருந்தான்.

அரண்மனையில் அப்போது வேறொரு சூழல் நிலவியது. நாடக மகளிரின் ஆடலையும் பாடலையும் அரசன் ஈடுபாட்டோடு கண்டதால் ஊடல் கொண்ட தேவி, தலைவலி என்று சொல்லி அந்தப்புரம் சென்றிருந்தாள். அவளைச் சமாதானப்படுத்த அரசன் அவையை விட்டு எழுந்து சென்றுகொண்டிருந்தான். வாயிலில் பொற்கொல்லன் அவனை வணங்கி நின்றான். கன்னக்கோலோ கவைக்கோலோ இல்லாமல், மந்திரத்தால் காவலரை உறங்கவைத்து அரண்மனைச் சிலம்பைக் கவர்ந்த கள்வன், ஊர்க்காவலருக்கு அஞ்சித் தன் குடிலில் மறைந்திருக்கிறான் என்று சொன்னான்.

இதில் மூன்று செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, இடம். அமைச்சர் கூடிய அவையில் இதைச் சொல்லியிருந்தால் யாராவது கேள்வி கேட்டிருப்பார்கள். இரண்டாவது, நேரம். ஊடல் கொண்ட மனைவியிடம் போகிறவனுக்கு அவள் சிலம்பு கிடைத்தது என்ற செய்தி இனிப்பாகவே இருக்கும். பொற்கொல்லன் இதை முன்பே திட்டமிட்டான் என்று காப்பியம் சொல்லவில்லை. கிடைத்த வாய்ப்பை அவன் விடவில்லை. மூன்றாவது, மந்திரம் பற்றிய பேச்சு. காவல் மிகுந்த அரண்மனையில் திருடன் எப்படி நுழைந்தான், ஏன் தடயம் இல்லை என்ற கேள்விகள் எழும் முன்பே அவற்றுக்கு விடை வைத்துவிட்டான்.

அரசன் ஊர்க்காவலரை அழைத்து, தேவியின் சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவருமாறு கட்டளையிட்டான். கொல்வதற்காக அவனைக் கொண்டுவருக என்று சொல்ல நினைத்தவன் ஊழ்வினையால் சொல் தவறினான் என்று விளக்கும் உரை மரபும் உண்டு. எப்படியாயினும், 'சிலம்பு கையில் இருந்தால்' என்ற நிபந்தனையே போதிய சோதனை என்று அரசன் கருதினான். கோவலன் கையில் சிலம்பு இருப்பது பொற்கொல்லனுக்கு முன்பே தெரியும். ஆகவே அரசன் வைத்த சோதனை, முடிவு முன்பே தெரிந்த சோதனை.

காவலரிடம் செய்த சூழ்ச்சி

அரசன் ஆணையால் சிலம்பைக் காண வந்தவர்கள் இவர்கள் என்று கோவலனிடம் சொல்லி, காவலரைப் பொற்கொல்லன் அழைத்து வந்தான். கோவலனைப் பார்த்த காவலர், இவன் தோற்றத்தில் கள்வனுக்குரிய குறி எதுவும் இல்லை, இவன் கொல்லப்படத் தக்கவன் அல்லன் என்றனர். கொலை நின்றுபோகக் கூடிய கடைசி இடம் இதுவே.

பொற்கொல்லன் அவர்களை நேராக மறுக்கவில்லை, ஏளனமாகச் சிரித்தான். பிறகு கள்வர்க்குத் துணையாகும் எட்டு வழிகளை வரிசையாகச் சொன்னான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கொடுத்தான். பகலில் தூதனைப் போலவும் இரவில் பெண்ணைப் போலவும் வேடமிட்டு அரண்மனைக்குள் புகுந்து, உறங்கிய இளவரசனின் மார்பணியைக் கவர்ந்து, பிடிபடாமல் மறைந்த ஒரு கள்வனின் கதையையும் சொன்னான்.

இந்தப் பேச்சின் விளைவு நுட்பமானது. தேர்ந்த கள்வன் கள்வனைப் போலத் தோன்றமாட்டான் என்பது இதன் உட்பொருள். அப்படியானால் கோவலனின் அமைதியும் நல்ல தோற்றமும் அவனது திறமைக்குச் சான்றாகிவிடுகின்றன. குற்றமற்றவன் எனக் காட்டும் எந்தக் குறியும் இனி அவனுக்கு எதிரானதே. கோவலனைப் பற்றி ஒரு சான்றும் தராமல், கள்வர் எனும் வகையைப் பற்றிப் பேசியே பொற்கொல்லன் வென்றான்.

அந்தப் பேச்சு காவலரின் நினைவுகளையும் அச்சத்தையும் தூண்டியது. மழைக்கால இருளில் நீல உடை அணிந்து வந்த கள்வன் ஒருவன் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்த கதையை ஒரு இளைஞன் சொன்னான். கள்வரின் செயல் அறிதற்கரியது. தவறவிட்டால் அரசன் நம்மைத் தண்டிப்பான். என்ன செய்யலாம் என்று அவன் கேட்டான். கள்வன் யார் என்ற கேள்வி, நம் நிலை என்னாகும் என்ற கேள்வியாக மாறிவிட்டது. அப்போது கல்லாதவனும் குடிவெறி கொண்டவனுமான ஒரு காவலன் வாளை ஓங்கி வெட்டினான். கோவலன் விழுந்தான். எவரும் அவனை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

செய்யப்படாத சோதனை

வழக்குரை காதையில் உண்மை மிகச் சிறிது நேரத்தில் வெளிப்பட்டுவிடுகிறது. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள் கண்ணகி. தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்றான் அரசன். கண்ணகி சிலம்பை உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட தானே கள்வன் என்று கூறி அரசன் உயிர்விட்டான். ஒரு சிலம்பை உடைத்துப் பார்த்தாலே தீர்ந்துவிடும் வழக்கு அது. அந்தச் சோதனை கொலைக்குப் பின்பே நடந்தது.

இத்தகைய பொய்ப்பழியை அக்கால அரசியல் சிந்தனை அறியாமல் இல்லை. கள்வன் அல்லாதவனைக் கள்வன் என்பவனுக்குக் கள்வனுக்குரிய தண்டனையே தர வேண்டும் என்கிறது கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம். திருக்குறளின் செங்கோன்மை அதிகாரமும் குற்றத்தை ஆராய்ந்தே தண்டிக்கச் சொல்கிறது.

சிலப்பதிகாரமே கட்டுரை காதையில் ஒரு மாற்று வழக்கைக் காட்டுகிறது. இன்று சிவகாசிக்கு அருகில் உள்ள திருத்தங்கலில் வாழ்ந்த வார்த்திகனின் மகன், பராசரன் என்ற மறையவனிடம் பரிசாக அணிகலன் பெற்றான். அந்தச் செழிப்பைப் பொறுக்காத அரசு ஊழியர்கள், புதையல் எடுத்ததாகப் பழிசுமத்தி வார்த்திகனைச் சிறையிட்டனர். ஐயை கோயில் கதவு திறக்காததைக் கண்ட பாண்டியன் காரணம் கேட்டு, உண்மை அறிந்து அவனை விடுவித்தான். திருத்தங்காலையும் வயலூரையும் கொடையாக அளித்தான். பொய்யான புகார் அங்கும் எழுந்தது. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவன் உயிரோடு இருந்ததால் தவறைத் திருத்த முடிந்தது.

ஊழும் பொறுப்பும்

கோவலன் முற்பிறவியில் பரதன் என்ற பெயருடன் சிங்கபுரத்து அரசனிடம் பணிபுரிந்தான் என்றும், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக் கொல்வித்தான் என்றும் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்கிறது. அந்தப் பழைய குற்றமும் பொற்கொல்லனின் குற்றமும் ஒரே அச்சில் வார்த்தவை: ஊருக்குப் புதிய வணிகன், அரசனிடம் பொய்ப்புகார், உடனடிக் கொலை. ஊழ்வினை கோவலனின் சாவுக்குக் காரணம் கூறுகிறது. ஆனால் பொற்கொல்லனையோ அரசனையோ அது விடுவிக்கவில்லை. அரசன் தன் பிழையைத் தானே ஏற்று இறந்தான்.

பழியின் நீட்சி

கொலைக்குப் பின் பொற்கொல்லன் தனியே பிடிபட்டதாகவோ விசாரிக்கப்பட்டதாகவோ காப்பியம் கூறவில்லை. மாறாக, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஒரே நாளில் ஆயிரம் பொற்கொல்லர்களைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்று நீர்ப்படைக் காதையும் உரைபெறு கட்டுரையும் சொல்கின்றன. பாண்டிய நாட்டின் வறட்சியும் நோயும் அதன்பின் நீங்கி மழை பெய்தது என்கிறது உரைபெறு கட்டுரை. இது காப்பியம் தரும் செய்தி. வரலாற்று நிகழ்வாக இதைக் கொள்வதற்கில்லை. எனினும் ஒருவன் செய்த குற்றம் ஒரு தொழிலினர் அனைவர் மீதும் ஏற்றப்பட்டதை இது காட்டுகிறது.

இதற்கு எதிரான அளவுகோலும் காப்பியத்திலேயே உள்ளது. மதுரையை எரிக்கும்போது அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிட்டுத் தீயவர் பக்கமே செல்லுமாறு கண்ணகி தீக்கடவுளுக்கு ஆணையிட்டாள். சினத்தின் உச்சியிலும் அவள் வேறுபாடு பார்த்தாள். செழியனின் பலியில் அந்த வேறுபாடு இல்லை. கள்வர் இப்படித்தான் இருப்பர் என்ற பொதுப்பேச்சால் கோவலன் கொல்லப்பட்டான். பொற்கொல்லர் இப்படிப்பட்டவர் என்ற பொதுமுடிவால் ஆயிரம் பேர் கொல்லப்பட்டனர்.

உ. வே. சாமிநாதையர் 1892-இல் சிலப்பதிகாரத்தை அரும்பதவுரையுடனும் அடியார்க்கு நல்லார் உரையுடனும் பதிப்பித்தபின் நூல் பரவலாக வாசிக்கப்பட்டது. மதுரைப் பழங்காநத்தம் பகுதியில் கோவலன் பொட்டல் என்று ஓர் இடம் உள்ளது. கோவலன் வெட்டுண்டது அங்கேதான் என்பது மக்கள் நம்பிக்கை. பொற்கொல்லனின் குடில் இருந்த இடமாக எதுவும் அந்த அளவுக்கு நினைவில் நிற்கவில்லை. பெயரில்லாத அவனது பழி மட்டும் தொழிலின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.