தாழ்ப்பாள் புராணம்: தாம்பரம் ரயில் ஜன்னலும் வீட்டுல கட்டற கேரவனும்



ஜன்னலைச் சாத்தறது வேற, அடைக்கறது வேற. சாத்தறதுக்கு ஒரு கொக்கி போதும். ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே வராம அடைக்கணும்னா தாழ்ப்பாள் இன்னொரு வேலையும் செஞ்சாகணும். அது என்ன வேலைங்கறதுதான் இந்தப் பதிவு.

திடீர்னு தாழ்ப்பாள் மேல என்ன பாசம்னு கேக்கறீங்களா? என் மச்சான் ராஜகீழ்ப்பாக்கத்துல ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, காருக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போற மாதிரி ஒரு சின்னக் கேரவன் டிரெய்லர் கட்டிக்கிட்டு இருக்கான். இரும்புச் சட்டம், வெளியே அலுமினியத் தகடு, உள்ளே ப்ளைவுட், நாலு ஜன்னல். ஒவ்வொண்ணும் ரெண்டடிக்கு ஒண்ணரை அடி. "மாமா, ஜன்னலுக்கு என்ன தாழ்ப்பாள் போடலாம்?"னு ஒரு நாள் போன்ல கேட்டான். அவன் எதிர்பார்த்தது ஒரு கடைப் பேரு. கிடைச்சது நூத்தம்பது வருஷ வரலாறு. பாவம் :-)

முதல்ல நம்ம வீட்டைப் பார்ப்போம். கொக்கி, கொண்டி, நாதாங்கி, தாழ்ப்பாள், அப்புறம் வந்த டவர் போல்ட். வகைவகையா பேர் வெச்சிருக்கோம். ஆனா இதுல ஒண்ணுகூட மழையை அடைக்கறதுக்காகப் பொறந்தது இல்லை. கதவு காத்துல அடிச்சுக்காம, வெளியாள் தள்ளித் திறக்காம பிடிச்சு வெக்கறது மட்டும்தான் அதோட வேலை. மழையைப் பாத்துக்க அந்தக் காலத்துல தாழ்வாரம் இருந்துச்சு, இந்தக் காலத்துல சன்ஷேடு இருக்கு. ஜன்னலுக்கு மேல ஒண்ணரை அடி காங்கிரீட் நீட்டிக்கிட்டு நிக்கறதாலதான் நம்ம வீட்டுத் தாழ்ப்பாளுக்கு நல்ல பேரு. சன்ஷேடை எடுத்துட்டா தெரியும் சேதி.

சக்கரம் வெச்ச எதுக்குமே சன்ஷேடு கிடையாது. நம்ம ஆளுங்க அதை எப்படிச் சமாளிச்சாங்க? கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

மாட்டு வண்டியில கூண்டு வண்டி பார்த்திருப்பீங்க. மூங்கிலை வளைச்சு மேல பாய் போட்ட கூண்டு. ராத்திரிப் பயணத்துக்கு உள்ளே வைக்கோல் பரப்பி, அதுக்கு மேல ஜமக்காளம் விரிச்சுத் தூங்கிக்கிட்டே போவாங்க. யோசிச்சுப் பார்த்தா அதுதான் நம்ம ஊரோட முதல் கேரவன். பக்கவாட்டுல ஜன்னலே கிடையாது. முன்னாடியும் பின்னாடியும் திறப்பு, வேணும்னா ஒரு திரை. கொஞ்சம் வசதியானவங்களோட பல்லக்குலயும், பழைய சென்னைப் பட்டணத்துல ஓடின பெட்டி மாதிரியான குதிரை வண்டிகள்லயும் மரச் சட்டங்களைச் சாய்வா அடுக்கின வெனிஷியன் பலகணி இருந்துச்சு. வெயில் வெளியே, காத்து உள்ளே. இந்த ஊருக்கு அதுதான் முதல் தேவை. மழைங்கறது வருஷத்துல ரெண்டு மூணு மாசக் கதை.

ரயில் வந்தப்பவும் இதே கணக்குதான். 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்துலேர்ந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்புச்சு. இங்கிலாந்துல பெட்டிக் கதவுல இருந்த கண்ணாடியை ஒரு தோல் பட்டையால மேல இழுப்பாங்க. பட்டையில வரிசையா ஓட்டை, கதவுல ஒரு பித்தளைக் குமிழ். எந்த ஓட்டையைக் குமிழ்ல மாட்டறோமோ, கண்ணாடி அந்த உயரத்துல நிக்கும். நம்ம பெல்ட் மாதிரியேதான். இந்த வெயிலுக்கு வெறும் கண்ணாடி ஆகாது. அதனால இங்கே உயர்வகுப்புப் பெட்டிகள்ல ஒரே ஜன்னலுக்கு மூணு அடுக்கு வந்துச்சு: கண்ணாடி, கொசுவுக்கும் கரிக்கும் கம்பி வலை, வெயிலுக்கு மரப் பலகணி. எது வேணுமோ அதைத் தூக்கிக்கலாம்.

இப்ப நம்ம ஏரியாவுக்கு வருவோம். 1931-ல கடற்கரை - தாம்பரம் மீட்டர் கேஜ் பாதையில மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சுது. சவுத் இந்தியன் ரயில்வே காலம், 1500 வோல்ட் டி.சி. தென்னிந்தியாவுல அதுதான் முதல் மின்சார ரயில். சைதாப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டைன்னு இன்னைக்கு நாம ஒரே ஊரா நினைக்கற இடமெல்லாம் அப்போ தனித்தனி ஊர்கள். இந்த ரயில்தான் அதையெல்லாம் கோத்து மாலையாக்குச்சு. 1960-கள்ல 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாறி, 2004-ல மீட்டர் கேஜ் மின்சார ரயில் முழுசா விடைபெற்றுச்சு. அதுல போன தலைமுறை நம்மள்ல நிறைய பேர். ஜன்னல் சீட்டுக்காகத் தாம்பரத்துல ஓடிப் போய் ஏறி கர்ச்சீப் போட்டவங்க கை தூக்கலாம்!

1955 அக்டோபர் 2-ஆம் தேதி பெரம்பூர்ல நேரு ஐ.சி.எஃப். தொழிற்சாலையைத் திறந்து வெச்சார். ஸ்விஸ் தொழில்நுட்பம், முழுக்க எஃகுப் பெட்டி. அந்தப் பெட்டியோட ஜன்னல்தான் இந்தியா முழுக்க நமக்குத் தெரிஞ்ச ரயில் ஜன்னல். ஒரு கண்ணாடி ஷட்டர், ஒரு தகர ஷட்டர், ரெண்டும் பக்கவாட்டுக் காடியில மேலும் கீழும் ஓடும். ரெண்டு ஓரத்துலயும் ஸ்பிரிங் வெச்ச தாழ்ப்பாள். ரெண்டையும் ஒரே நேரத்துல அமுக்கினாத்தான் நகரும். ஒரு பக்கத்தை மட்டும் அமுக்கினா கோணிக்கிட்டு நிக்கும். பக்கத்து சீட்டு அண்ணாச்சி எழுந்து வந்து ஒரு தட்டு தட்டுவார், அப்புறம் சரியாகும்.

இங்கேதான் விஷயம் இருக்கு. இப்படிக் காடியில ஓடற ஷட்டர் ரப்பரோட இறுக்கமா ஒட்டி நிக்காது. ஒட்டினா ஓடாது, ஓடணும்னா இடுக்கு விடணும். அந்த இடுக்கு வழியா சாரல் வரத்தான் செய்யும். அதைத் தப்புன்னு சொல்ல முடியாது. நின்னு நின்னு போற, வெக்கையில நூறு பேர் ஏறற வண்டிக்குக் காத்துதான் முக்கியம். கொஞ்சம் தண்ணி வந்தா பரவாயில்லைன்னு எடுத்த முடிவு அது. பழைய டவுன் பஸ்ல சுருட்டி வெச்சிருந்த படுதாவும் இதே கட்சிதான். மழை வந்தா வாரை அவுத்துத் தொங்க விடுவோம். சட்டை பாதி நனையும், மனசு முழுசா நனையும் :-)

அப்போ நிஜமாவே அடைச்சது யாரு? கப்பல்காரன். கப்பலோட வட்ட ஜன்னல்ல கீல் ஒரு பக்கம். மத்த பக்கங்கள்ல திருகு வெச்ச கொண்டி. திருகத் திருகக் கண்ணாடிச் சட்டம் ரப்பர் வளையத்து மேல அமுங்கும். அலை வந்து மோதினாலும் உள்ளே வராது. இதுக்கு நல்ல ரப்பர் வேணும். 1839-ல சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோட சூடாக்கினா வெயில்ல உருகாம, குளிர்ல விறைக்காம இருக்கும்னு கண்டுபிடிச்ச பிறகுதான் அது சாத்தியமாச்சு.

கப்பல் எல்லாம் எதுக்கு, நம்ம அடுப்படிக்கே வாங்க. டிபன் கேரியரோட ரெண்டு பக்கக் கிளிப்பை மடக்கும்போது கடைசியா ஒரு 'டக்' வரும் பாருங்க, அது அடுக்குகளைச் சேர்த்து அமுக்கற சத்தம். பிரஷர் குக்கர் மூடியைத் திருப்பும்போது காஸ்கெட் நசுங்குது. கோலி சோடாவுல உள்ளே இருக்கற வாயுவே கோலியை மேலே தள்ளி ரப்பர் வளையத்துல ஒட்ட வெக்குது. ஹிராம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் 1870-கள்ல கண்டுபிடிச்சது, நம்ம ஊர்ல இன்னும் உயிரோட இருக்கு. மூணும் சொல்றது ஒண்ணுதான்: தண்ணியையும் காத்தையும் தடுக்கறது தாழ்ப்பாள் இல்லை, ரப்பர். அந்த ரப்பரை அமுக்கிப் பிடிக்கறதுதான் தாழ்ப்பாளோட வேலை.

கேரவன் கட்டினவங்க இதை அனுபவத்துல கத்துக்கிட்டாங்க. 1885-ல ஸ்காட்லாந்து டாக்டர் கோர்டன் ஸ்டேபிள்ஸ், பிரிஸ்டல்ல ஒரு வண்டிக் கம்பெனியில 'வாண்டரர்'னு ரெண்டு குதிரை இழுக்கற மர வீடு ஒண்ணு கட்டச் சொல்லி, அதுல ஊர் சுத்தி ஒரு புத்தகமும் எழுதினார். உல்லாசத்துக்குன்னே கட்டின முதல் கேரவன்னு அதைத்தான் சொல்றாங்க. அமெரிக்காவுல வாலி பையம் முதல்ல செஞ்சது, வீட்டுலயே டிரெய்லர் கட்டறதுக்கான வரைபடத்தைப் பத்திரிகையில போட்டது. அப்புறம் அவரே கட்டி வித்து, 1936-ல ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பரைக் கொண்டு வந்தார். கண்ணீர்த்துளி வடிவத்துல டிரெய்லர் கட்டின சாதாரண ஜனங்களோட நிரந்தரத் தலைவலி, பின்பக்கம் தூக்கற கதவு வழியா ஒழுகற தண்ணி.

ஓடற வண்டிக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு. 80 கிலோமீட்டர் வேகத்துல காத்தோட அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 30 கிலோ. மச்சானோட ஜன்னல் அளவுக்குக் கணக்குப் போட்டா சுமார் 8 கிலோ. பக்கவாட்டு ஜன்னல்ல இது உள்ளே தள்ளாது, வெளியே உறிஞ்சும். நடுவுல ஒரே ஒரு தாழ்ப்பாள் போட்டா ரெண்டு மூலையும் லேசா வாயைப் பிளக்கும். அந்த இடுக்குல வர்றது தண்ணி மட்டும் இல்லை, ஜி.எஸ்.டி. ரோடு புழுதியும்தான்.

நிக்கற வண்டி மட்டும் தப்பிச்சுதா? 2015 டிசம்பர் 1-ஆம் தேதி காலையிலேர்ந்து மறுநாள் காலை வரைக்கும் தாம்பரத்துல பதிவான மழை 49 சென்டிமீட்டர். மறு வருஷம் டிசம்பர் 12-ல வர்தா. மழை மேலேர்ந்து கீழே விழாம பக்கவாட்டுல பறந்துச்சு. இந்த ஊர்ல ஜன்னல் வெக்கறவன் அந்த ரெண்டு நாளையும் மனசுல வெச்சுத்தான் வெக்கணும்.

ஆக மச்சானுக்கு நான் சொன்னது: ஜன்னலுக்கு மேல்பக்கம் கீல் வை, வெளிப்பக்கமா திறக்கட்டும். திறந்தா அதுவே சன்ஷேடு! சட்டத்தைச் சுத்தி குமிழ் மாதிரி இருக்கற இ.பி.டி.எம். ரப்பர் ஒட்டு. இயற்கை ரப்பர் நம்ம வெயில்ல வெடிச்சுடும், இது தாங்கும். கீழ்ச் சட்டத்துல ரெண்டு மூலைக்கும் பக்கத்துல ஒவ்வொண்ணா, மொத்தம் ரெண்டு தாழ்ப்பாள். டவர் போல்ட் வேண்டாம், அது பிடிக்கும், அமுக்காது. திருப்பினா சாய்வுல ஏறி ஜன்னலை உள்ளே இழுக்கற கேம் வகை வேணும். 10 மில்லிமீட்டர் குமிழ் 3 மில்லிமீட்டர் அமுங்கினா போதும். மொத்தமா நசுக்கினா ரப்பர் செத்துப் போய்த் திரும்ப எழுந்திருக்காது. ஈ.சி.ஆர். உப்புக் காத்துல நிறுத்தறதா இருந்தா 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இல்லேன்னா 304. ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை பக்கம் ஒரு நாள் அலைஞ்சா கைக்குக் கிடைக்கும். திருப்பிப் பார்த்து வாங்கு.

"டிபன் கேரியர் மாதிரி வெளியே ரெண்டு கிளிப் போட்டுட்டா மலிவா முடியுமே மாமா?"ன்னான். கேள்வி நியாயமானதுதான். இறுக்கமா அமுக்கும், விலையும் கம்மி. ஆனா கூடாதுன்னேன். ஏன்னு கேட்டான். பதிவோட முக்கியமான இடம் இதுதான்.

ஒரு காலத்துல ஃபிரிட்ஜ் கதவுலயும் அமுக்கற தாழ்ப்பாள்தான் இருந்துச்சு. வெளியேர்ந்து மட்டும்தான் திறக்கும். கண்ணாமூச்சி ஆடற குழந்தைங்க தூக்கிப் போட்ட ஃபிரிட்ஜுக்குள்ள ஒளிஞ்சு, மூச்சு முட்டிச் செத்துப் போனாங்க. 1956-ல அமெரிக்கா, உள்ளேர்ந்து தள்ளினா திறக்கணும்னு சட்டமே போட்டுச்சு. இன்னைக்கு நம்ம வீட்டு ஃபிரிட்ஜ் கதவுல தாழ்ப்பாள் இல்லாம காந்த ரப்பர் இருக்கறதுக்குப் பின்னாடி இந்தச் சோகமும் இருக்கு.

நம்ம பக்கத்துக்கே வருவோம். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரையில நிறுத்தி வெச்சிருந்த ஒரு சுற்றுலா ரயில் பெட்டியில தீப்பிடிச்சு 9 பேர் இறந்தாங்க. உள்ளே கேஸ் சிலிண்டர் இருந்துச்சு. 2024 டிசம்பர்ல கேரளாவுல வடகரை பக்கத்துல சாலையோரம் நின்ன ஒரு கேரவனுக்குள்ள தூங்கின ரெண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை. ஜெனரேட்டர் புகையிலேர்ந்து வந்த கார்பன் மோனாக்சைடு. அதுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. நாம ஆசையா ஒவ்வொரு இடுக்கையும் அடைக்க அடைக்க, உள்ளே வந்த விஷம் வெளியே போற வழியையும் சேர்த்து அடைக்கறோம்.

அதனால தாழ்ப்பாள் எதுவா இருந்தாலும் மூணு விஷயம் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒண்ணு, உள்ளேர்ந்து, இருட்டுல, ஒரே கையால, சாவி இல்லாம திறக்கணும். ரெண்டு, ஒரு ஜன்னலாவது ஆள் நுழைஞ்சு வெளியே வர்ற அளவு பெருசா, கம்பி இல்லாம இருக்கணும். ரயில்ல சிவப்புல எழுதியிருக்கற அவசர வழி ஜன்னல் மாதிரி. மூணு, எந்தத் தாழ்ப்பாளாலயும் மூட முடியாத காத்து வழி தரைப் பக்கம் ஒண்ணும் கூரைப் பக்கம் ஒண்ணும் இருக்கணும். அதோட ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம். ஜெனரேட்டர் பக்கத்துலயே வரக் கூடாது. நல்ல கேரவன் ஜன்னல் தாழ்ப்பாள்ல ரெண்டு நிலை இருக்கும்: முழுசா அடைப்பு, விரல்கடை அளவு திறப்பு. நிறுத்தித் தூங்கும்போது ரெண்டாவதுல வெக்கலாம். கூண்டு வண்டிக்காரர் முன்னும் பின்னும் திறந்து விட்டதையேதான் இது கொஞ்சம் நாகரிகமா செய்யுது.

2025 ஏப்ரல் 19-ஆம் தேதி இதே தாம்பரம் பாதையில குளுகுளு மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சுது. அகலமான கண்ணாடி, தானா மூடிக்கற கதவு. பயணி கையால தொட ஒரு தாழ்ப்பாள்கூட இல்லை. அடைக்கறது, திறக்கறது, காத்து விடறது எல்லாம் ரயில்வே பொறுப்பு. வீட்டுல கட்டற வண்டியில அந்தப் பொறுப்பு முழுக்கக் கட்டறவன் தலையில. மழைக்குப் பயந்து தாழ்ப்பாள் தேடறது சரிதான், ஆனா உள்ளே தூங்கப் போறவங்களை நினைச்சுத் தேர்ந்தெடுக்கணும்.

டிஸ்கி 1: டிரெய்லருக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கற கதை தனிப் புராணம். இங்கே தொடலை.

டிஸ்கி 2: கொண்டி, நாதாங்கி, கொக்கி இதுக்கெல்லாம் உங்க ஊர்ல வேற பேர் இருந்தா சொல்லிட்டுப் போங்க. சேர்த்து வெச்சுக்கறேன்.