திருப்பூரில் இடம் வாங்கும் முன்: உங்கள் தரகருக்கு ஊர் தெரியுமா?

திருப்பூரில் வீடோ மனையோ வாங்குபவர்களில் பலர் இந்த ஊரில் பிறந்தவர்கள் அல்லர். தேனி, திண்டுக்கல், மதுரை, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். தையலிலும் கட்டிங்கிலும் அயர்னிங்கிலும் பல வருடம் உழைத்துச் சேர்த்த பணத்தில் 2 சென்ட் இடம் தேடுகிறார்கள். இன்னொரு பக்கம், வளைகுடா நாடுகளில் சம்பாதித்து, ஊரில் இருக்கும் குடும்பத்துக்காக இடம் வாங்கும் சகோதரர்கள் இருக்கிறார்கள். இரண்டு தரப்பாருக்கும் அந்த இடத்தைப் பற்றி நேரடியாக எதுவும் தெரியாது. தரகர் சொல்வதை நம்பித்தான் முன்பணம் கொடுக்கிறார்கள்.

ஆகவே யாரைத் தரகராக வைத்துக்கொள்கிறோம் என்பது முக்கியமான முடிவு. தெரிந்தவர், நம் சமுதாயத்துக்காரர், பள்ளிவாசலில் பார்த்துப் பழகியவர் என்பது நம்பிக்கைக்கு ஒரு தொடக்கம்தான். அவருக்கு அந்த வட்டாரம் தெரியுமா என்பது தனிக் கேள்வி. திருப்பூர் போன்ற ஊரில் அந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு இடம் வாங்கக் கூடாது.

காகிதம் சொல்லாத விஷயங்கள்

பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவை இடம் யாருடையது, அதன்மேல் பதிவான கடன் உண்டா என்பதைச் சொல்லும். அந்த இடத்தில் குடியிருக்க முடியுமா என்பதைச் சொல்லாது.

முதலாவது, தண்ணீர். நொய்யல் ஆற்றில் பல ஆண்டுகள் சாயக்கழிவு கலந்ததை எல்லோரும் அறிவோம். 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்குப் பயன்படாமல் கழிவு தேங்கும் இடமாகிப்போனது. கழிவுநீரைச் சொட்டுகூட வெளியேற்றாத நிலையை எட்டாத சாய, சலவைப் பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடப்பட்டன. ஆனால் நிலத்துக்குள் இறங்கிய உப்பு ஒரு தீர்ப்பில் மறைந்துவிடாது. பழைய பட்டறை இருந்த இடத்தைச் சுத்தம் செய்து, மேலே மண் கொட்டிச் சமப்படுத்திவிட்டால், புதிதாக வருபவருக்கு அது வெறும் காலி மனையாகத்தான் தெரியும். முன்பு அங்கே என்ன இருந்தது, சுற்றியுள்ள போர்வெல் தண்ணீர் எப்படி இருக்கிறது, குடிநீர்க் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்பதெல்லாம் அந்தத் தெருவில் பழகியவருக்குத்தான் தெரியும்.

இதை நீங்களே சோதிக்கவும் முடியும். பக்கத்து வீட்டு போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, கரைந்துள்ள உப்பின் அளவைப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கணக்குப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம். அதற்கு மேல் என்றால், வீடு கட்டும் செலவோடு வாழ்நாள் முழுவதும் தண்ணீர் வாங்கும் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இரண்டாவது, பள்ளம். கொங்குப் பகுதியில் 'பள்ளம்' என்றால் குழி மட்டுமல்ல. மழைக்காலத்தில் நீர் ஓடும் ஓடைக்கும் அதுதான் பெயர். வெளியூரிலிருந்து வருபவருக்கு இது தெரியாது. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் வறண்டு, புதர் மண்டிக் கிடப்பதால் அது ஓடை என்பதே கண்ணுக்குத் தெரியாது. 2011 நவம்பரில் பெய்த கனமழையில் சங்கிலிப்பள்ளம், ஜம்மனை ஓடை ஆகியவற்றில் வெள்ளம் பெருக்கெடுத்து, கரையோரக் குடியிருப்புகளில் உயிர்களையும் உடைமைகளையும் கொண்டுபோனது. உள்ளூர்த் தரகர் ஒரு மனையைக் காட்டும்போது, அந்த மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அவரால் சுவரைத் தொட்டுக் காட்ட முடியும்.

மூன்றாவது, நிலத்துக்கு அடியிலும் மேலேயும் போகும் தடங்கள். கெயில் எரிவாயுக் குழாய்க்கு எதிராக 2013-ல் கொங்கு மாவட்ட விவசாயிகள் போராடியது நினைவிருக்கும். இத்தகைய குழாய்களுக்கான 1962-ம் ஆண்டுச் சட்டப்படி நிலம் உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை மட்டும் நிறுவனத்துக்குப் போகும். அந்தப் பட்டையில் கட்டடம் கட்டவோ கிணறு வெட்டவோ கூடாது. பட்டாவில் பெயர் சரியாக இருப்பதைப் பார்த்து வாங்கியவர் அஸ்திவாரம் தோண்டும்போதுதான் விஷயம் தெரிந்து திகைப்பார். உயர் அழுத்த மின்பாதைக்குக் கீழே உள்ள இடத்துக்கும் கட்டுப்பாடுகள் உண்டு.

காகிதத்தில் இருந்தும் கண்ணில் படாதவை

பல்லடம், அவிநாசி, ஊத்துக்குளி, காங்கேயம் சாலைகளில் தோட்ட நிலங்கள் மனைகளாகப் பிரிந்துகொண்டே இருக்கின்றன. 'பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு' என்று சொல்லி விற்கப்பட்ட மனைகள் ஏராளம். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி வேண்டும். ஊராட்சித் தலைவரின் கையெழுத்து மட்டும் போதாது. அங்கீகாரமற்ற மனைகளின் பதிவு 2016-ல் உயர் நீதிமன்றத்தால் தடைபட்டது. பிறகு, 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. எனவே எந்தப் பிரிவு முறையாக அனுமதி பெற்றது, எது வரன்முறை ஆனது, எது இன்னும் நடுவில் நிற்கிறது என்பதைப் பெயர் சொன்னவுடன் சொல்லத் தெரிந்தவரே அந்தப் பகுதியின் தரகர்.

வக்ஃபு நிலம், கோயில் நிலம், பஞ்சமி நிலம், பூமிதான நிலம் ஆகியவையும் இப்படித்தான். இவை கைமாறிக் கைமாறி, பார்க்கச் சாதாரணப் பத்திரத்தோடு சந்தைக்கு வந்துவிடுகின்றன. வக்ஃபு சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ சட்டம் இடம் தராது. மார்க்கத்திலும் அல்லாஹ்வுக்காக ஒதுக்கப்பட்ட சொத்து அது. தெரியாமல் வாங்கினாலும் பணம் முடங்கும், மனமும் நிம்மதி இழக்கும். கபரஸ்தானுக்கோ தர்காவுக்கோ பள்ளிவாசலுக்கோ அருகில் உள்ள இடம் என்றால் ஜமாஅத்தில் உள்ள பெரியவர்களிடம் விசாரியுங்கள். சர்வே எண்ணைக் கொண்டு வக்ஃபு வாரியத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கேளுங்கள்.

வெளிநாட்டில் வசிக்கும் சகோதரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அந்நியச் செலாவணிச் சட்ட விதிகளின்படி என்.ஆர்.ஐ. ஒருவர் இந்தியாவில் வீடும் மனையும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்கக் கூடாது. 'பண்ணை நிலம், பிறகு மனையாக மாற்றிக்கொள்ளலாம்' என்று உங்களிடம் சொல்பவர் ஒன்று சட்டம் தெரியாதவர், அல்லது தெரிந்தே மறைப்பவர்.

வாடகைக் கணக்கு

திருப்பூரில் லைன் வீடு கட்டி வாடகைக்கு விடுவது பலருக்கு ஓய்வுக்கால வருமானம். '10 ரூம், ரூமுக்கு இவ்வளவு, மாதம் இவ்வளவு' என்று தரகர் பெருக்கிச் சொல்வார். ஆனால் இந்த ஊரின் வாடகை பனியன் ஆர்டரோடு ஏறி இறங்குவது. ஆர்டர் குறைந்தால் ஓவர்டைம் நிற்கும். ஓவர்டைம் நின்றால் வெளியூர்த் தொழிலாளி ஊருக்குப் போய்விடுவார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50% வரி விதித்தபோது, அந்நாட்டு ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகள் கலங்கியதைப் பார்த்தோம். ஏற்றுமதிக் கம்பெனிகளைச் சார்ந்த தெருவுக்கும், உள்நாட்டு வியாபாரத்தைச் சார்ந்த காதர்பேட்டையைச் சுற்றியுள்ள தெருவுக்கும் நிலவரம் ஒன்றாக இருக்காது. எந்த மாதத்தில் ரூம் காலியாகும், அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் எந்த வேலைக்குப் போகிறார்கள் என்று சொல்லாமல் 12 மாத வாடகையை மட்டும் பெருக்கிக் காட்டுபவரின் கணக்கை நம்ப வேண்டாம்.

மார்க்கம் காட்டும் வழி

தரகுத் தொழில் மார்க்கத்தில் இழிவானதல்ல. தரகுக் கூலி பெறுவதில் தவறில்லை என்று இப்னு ஸீரீன், அதாஃ, இப்ராஹீம், ஹஸன் (ரஹ்) போன்ற முன்னோர்கள் கருதியதை இமாம் புகாரி (ரஹ்) தம் நூலில் குறிப்பிட்டுள்ளார்கள். தடுக்கப்பட்டது, அடுத்தவரின் அறியாமையை விலையாக்குவது.

வெளியூரிலிருந்து சரக்கோடு வரும் வணிகர்களைச் சந்தைக்கு வருமுன்பே வழியில் சந்தித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள். அப்படி வாங்கப்பட்டால், விற்றவர் சந்தைக்கு வந்து சேர்ந்ததும் அந்த விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமையை அவருக்கு வழங்கினார்கள். சந்தை நிலவரம் தெரியாதவரை அது தெரிந்தவர் ஏமாற்றிவிடக் கூடாது என்பது இதில் உள்ள பாடம். இன்று திருப்பூர் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கி இடம் தேடும் வெளியூர்க்காரருக்கும் அது பொருந்தும்.

வாங்கும் எண்ணம் இல்லாமல் விலையை ஏற்றிக் கேட்பதும் தடுக்கப்பட்டது. 'இன்னொரு பார்ட்டி நாளைக்கு அட்வான்ஸ் கொடுக்க வருது' என்ற பொய்யும் அதே வகைதான். தானியக் குவியலுக்குள் கையை விட்டு உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டும் என்று வியாபாரிக்கு உணர்த்தினார்கள். சாயம் ஊறிய நிலத்தின் மேல் நல்ல மண்ணைக் கொட்டி விற்பவரும் இதை யோசிக்க வேண்டும். உரிமையாளர் கேட்ட விலைக்கு மேல் வைத்து, இடைப்பட்ட தொகையை இரு தரப்புக்கும் சொல்லாமல் எடுத்துக்கொள்வதும் அமானிதத்தை மீறுவதாகும்.

ஊரறிந்த தரகர் என்பதாலேயே அவர் நல்லவர் என்று ஆகிவிடாது. எல்லாம் தெரிந்தவரால்தான் எல்லாவற்றையும் மறைக்கவும் முடியும். அறிவும் நேர்மையும் சேர்ந்து இருக்கின்றனவா என்று பார்ப்பதற்குச் சில கேள்விகள் உதவும்.

தரகரிடம் கேளுங்கள்

1. இந்தத் தெருவில் கடைசியாக எந்த இடம், என்ன விலைக்குக் கைமாறியது? வழிகாட்டி மதிப்பு எவ்வளவு? இரண்டும் தெரியாதவருக்குச் சந்தை தெரியாது.

2. இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது? தோட்டமா, பட்டறையா, குடோனா?

3. மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? அருகில் உள்ள பள்ளம் எது?

4. அங்கீகார எண் என்ன? 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவு என்றால் ரெரா பதிவு எண் என்ன? அத்தகைய திட்டத்தில் விற்றுக்கொடுக்கும் தரகரும் ரெராவில் பதிவு செய்திருக்க வேண்டும். தனி ஒருவரின் பழைய வீட்டை விற்றுக்கொடுப்பவருக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம்.

5. விற்பவர் உரிமையாளரா, பவர் வாங்கியவரா? பவர் பத்திரத்தை வைத்து நடக்கும் கைமாற்றம் மட்டுமே உரிமை மாற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தெளிவாக்கியது.

6. இந்த இடத்தில் உள்ள குறை என்ன? இதுதான் முக்கியமான கேள்வி. குறையே இல்லாத இடம் திருப்பூரில் மட்டுமல்ல, எங்கும் கிடையாது. ஒரு குறையையாவது தானாகச் சொல்பவரிடம் மேற்கொண்டு பேசலாம்.

நீங்களும் பாருங்கள்

தரகர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரிபார்க்கும் பொறுப்பு உங்களுடையது. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுங்கள். வருவாய்த்துறை இணையதளத்தில் பட்டாவையும் புலப்படத்தையும் பாருங்கள். ஓடை புறம்போக்கு எங்கே போகிறது என்பது புலப்படத்தில் தெரியும். மூலப்பத்திரத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். இடத்தைக் காலையில் ஒருமுறையும், மழை பெய்த மறுநாள் ஒருமுறையும் நேரில் போய்ப் பாருங்கள். வெளிநாட்டில் இருந்தால் குடும்பத்தில் ஒருவரை அனுப்புங்கள். வீடியோ அழைப்பில் தரகர் காட்டும் பக்கம் மட்டுமே தெரியும்.

தரகுத் தொகையை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். முன்பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட முன்பணத்தை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. 2023 ஏப்ரல் முதல் முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% என்பதால், பேசிய விலைக்கு மேல் இந்தச் செலவும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும் சாட்சிகளை வைத்துக்கொள்ளவும் திருக்குர்ஆன் வழிகாட்டியிருக்கிறது. நண்பர், உறவினர், ஒரே ஜமாஅத் என்ற காரணத்துக்காக அதை விட்டுவிடாதீர்கள். எழுதிக்கொள்வது நட்பையும் உறவையும் காப்பாற்றும். உழைத்துச் சேர்த்த ஹலாலான பணம், பிள்ளைகள் நிம்மதியாகக் குடியிருக்கும் இடமாக மாற வேண்டும். அதற்காக இன்னும் ஒரு மாதம் பொறுத்து விசாரிப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.