யாருடைய அந்தக் காலம்?

இப்போது ‘பாட்காஸ்ட்’ என்று ஒன்று வந்திருக்கிறது. இரண்டு பேரோ மூன்று பேரோ மைக் முன்னால் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது, யார் போட்ட பணம், எந்தக் கேசட் எத்தனை விற்றது, டேப் ரிக்கார்டர், டூரிங் கொட்டகை, சோடா, முறுக்கு என்று பேச்சு போகிறது. நானும் கேட்கிறேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பாட்டுகளோடு வளர்ந்தவன்தான் நானும். ஆனால் எங்கே தொடங்கினாலும் பேச்சு கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: அந்தக் காலம் மாதிரி வருமா?

யாருடைய அந்தக் காலம்? இதை யாரும் கேட்பதில்லை. நினைவும் நிலம் மாதிரிதான். உழுதவன் ஒருத்தன், பட்டா இன்னொருத்தன் பேரில். பாட்டும் சினிமாவும் வியாபாரமான இந்த நூறு வருசக் கதையில் நம்ம சனங்களுக்கு என்ன பங்கு, அந்தப் பங்கு எப்படிக் காணாமல் போனது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் கொட்டகை. ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி, தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்புச் சாதனமாக வைத்து ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1981இல் வந்தது. அதில் அவர் ஒரு முக்கியமான கருத்தை வைத்தார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான், அங்கே இடம் கிடைத்தது பிறப்பைப் பார்த்து அல்ல, கையில் இருந்த காசைப் பார்த்து என்றார். இது லேசான விஷயம் இல்லை. கோயில் மண்டபத்துக் கச்சேரிக்கு வெளியே, தெருக்கோடியில் நின்று கேட்க வேண்டியிருந்த சனத்துக்குத் தரை டிக்கெட் என்பது ஒரு உரிமைச் சீட்டு. என் அப்பா தலைமுறை சினிமாவை அப்படி விழுந்து விழுந்து பார்த்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்தக் கூரை இடைவேளை வரைக்கும்தான். நான் படம் பார்த்த டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட் எல்லாருக்கும் ஒரே விலை. மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்ப்போம். ஊர்க்காரப் பயலுக்கு முன்னால் மணலைக் குவித்தால் பின்னாலிருந்து உதை விழும். ‘காலனிப் பயலுக்கு ஒசரம் கேக்குதோ’ என்பான். அதனால் நாங்கள் ஓரமாகத் திரைக்குப் பக்கத்தில் போய்க் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்போம். இடைவேளை மணி அடித்ததும் கொட்டகைக்கு வெளியே டீக்கடை. அங்கே எங்களுக்குத் தனி கிளாஸ். திரையில் கதாநாயகன் ஏழைக்காகச் சாட்டையைச் சுழற்றிவிட்டுப் போயிருப்பான். வெளியே வந்தால் கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பாட்காஸ்ட்காரர்கள் கொட்டகை முறுக்கைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு அந்தக் கிளாஸ்தான் ஞாபகம் வருகிறது.

பார்க்க உட்கார்ந்தவனுக்கே இந்தக் கதி என்றால் திரையில் ஏறியவர்களுக்கு என்ன நடந்தது? மலையாளத்தின் முதல் கதாநாயகி பி.கே. ரோசி. புலையர் சாதியில் பிறந்தவர், புல்லறுத்துப் பிழைத்தவர், காக்கரிசி நாடகத்தில் நடித்தவர். ஜே.சி. டேனியல் 1920களின் கடைசியில் எடுத்த ‘விகதகுமாரன்’ என்ற மௌனப் படத்தில் நாயர் பெண்ணாக நடித்தார். நடித்தது குற்றமாகிவிட்டது. திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் நடந்த முதல் காட்சிக்கு அவரை வரவிடவில்லை. அவர் முகம் திரையில் வந்ததும் கல்லெறிந்து திரையைக் கிழித்தார்கள். அவர் குடிசையையும் கொளுத்தினார்கள் என்று சொல்கிறார்கள். உயிர் பிழைக்க ஒரு லாரியில் ஏறித் தமிழ்நாட்டுப் பக்கம் ஓடிவந்தவர், நாகர்கோவிலில் யாருக்கும் தெரியாமல் வாழ்ந்து முடிந்து போனார். படமும் அழிந்துவிட்டது. படம் எடுத்த டேனியலும் கடைசி வரை வறுமையில் கிடந்தவர்தான். ஆனால் அவர் பேரில் கேரள அரசு 1992 முதல் விருது கொடுக்கிறது. ரோசிக்கோ, கேரளத்துச் சினிமாப் பெண்கள் கூடி ஒரு திரைப்படச் சங்கத்துக்கு அவர் பேரை வைக்க 2019 ஆனது. 2023 பிப்ரவரி 10இல் கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டபோதுதான் பல பேருக்கு அப்படி ஒருத்தி இருந்தாள் என்றே தெரிந்தது. இதுவும் அந்தக் காலம்தான்.

இனி பாட்டுக்கு வருவோம். இசைத்தட்டின் நடுவில் ஒரு வட்டக் காகிதம் ஒட்டியிருக்கும். படத்தின் பேர், பாடியவர் பேர், இசையமைத்தவர் பேர் இருக்கும். தோல் வாத்தியம் அடித்தவன் பேர் இருக்காது. வாத்தியத்தைச் செய்தவன் பேருக்கோ வழியே இல்லை. மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் இல்லாமல் மிருதங்கம் இல்லை. தோலைத் தேடி வாங்கி, பதம் பார்த்து, வார் பிடித்து, சுருதி நிற்க வைத்துக் கொடுத்த கைகளில் பெரும்பாலானவை தலித் கிறித்தவர்களின் கைகள். பாலக்காடு மணி அய்யரை உலகத்துக்குத் தெரியும். அவருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த பர்லாந்தை யாருக்குத் தெரியும்? டி.எம். கிருஷ்ணா இந்தக் குடும்பங்களின் கதையைத் தேடி ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று 2020இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். வெளியீட்டு விழாவுக்கு இடம் தருவதாகச் சொன்ன கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் மறுத்துவிட்டது. விழா வேறு இடத்தில் நடந்தது. நாதம் வேண்டும், தோல் வேண்டாம். தோலைப் பற்றிப் பேசினாலே தீட்டு.

சினிமாவில் பறை எங்கே வரும்? சாவு வீட்டில் வரும், இல்லை என்றால் குடித்துவிட்டு ஆடுகிற இடத்தில் வரும். என் பெரியப்பா கொட்டுக்காரர். ஊரில் ஒரு சாவு விழுந்தால் ஆள் வரும். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்ல முடியாது. பொணம் எடுக்கிற வரைக்கும் அடிக்க வேண்டும். கூலி கொஞ்சம் நெல்லும் சாராயமும். இந்த அவமானத்தால்தான் எத்தனையோ சேரிகளில் இளைஞர்கள் ‘இனி சாவுக்கு அடிக்க மாட்டோம்’ என்று முடிவெடுத்தார்கள். அடி வாங்கினார்கள், வேலை இழந்தார்கள். அதே பறையை விடுதலை இசையாக மேடையில் ஏற்றியதும் நம்மவர்கள்தான். அதைத் தூக்கிப் போடுவதா, தூக்கிப் பிடிப்பதா என்று 1990களில் நமக்குள் நடந்த சண்டை கொஞ்ச நஞ்சமல்ல. தமிழ் இசையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய விவாதம் என்ன நடந்துவிட்டது? நான் கேட்ட எந்தப் பழம்பாட்டுப் பேச்சிலும் இது ஒரு வரியாகக்கூட வரவில்லை.

அவர்கள் உருகி உருகிப் பேசுவது கேசட் காலத்தை. அதில் நியாயமும் இருக்கிறது. இசைத்தட்டு பணக்காரன் பொருள், கேசட் ஏழை வீட்டுக்கும் வந்தது. 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது நம்ம வயக்காட்டுப் பாட்டும் தாலாட்டும் திரையில் கேட்டன. பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடித் திரிந்தவர். தன்னைச் சாதியோடு சேர்த்துப் பேசுவதை அவர் விரும்பியதில்லை, அது அவர் உரிமை. ஆனால் அவர் பாட்டைக் கேட்டபோது எங்க தெருவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது, அது எங்க உரிமை.

அதே கேசட்டில்தான் இன்னொன்றும் வந்தது. 1992 அக்டோபர் 25, தீபாவளி. ‘தேவர் மகன்’ வெளியானது. ஐந்து தேசிய விருதுகள் வாங்கியது. இன்றைக்கும் திரைக்கதைக்குப் பாடம் என்று அதைப் பேசுகிறார்கள். அதில் ஒரு சாதிப் புகழ்பாட்டு உண்டு. படம் வந்த அஞ்சாம் நாள் தேவர் ஜெயந்தி. எங்க பக்கத்தில் அந்தப் பாட்டு மைக் செட்டில் காலையிலிருந்து ராத்திரி வரை ஓடியது. ஊர் முகப்பு மரத்தில் கட்டிய கொழாயைக் காலனியைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள். பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே விரலால் தரையில் தட்டினார். ‘அடி என்னமோ நம்ம அடிதான்டா. அத எதுக்கு நம்ம பக்கமே திருப்பி வச்சிருக்கான்?’ என்றார். அன்றைக்குச் சாயந்தரம் எங்க தெருப் பொம்பளைங்க தண்ணிக்குப் போகவில்லை.

ஒரு பாட்டு யாரையும் வெட்டாது. ஆனால் எந்தக் காலத்தில் அந்தக் கொழாய் அலறியது என்று பார்க்க வேண்டும். 1995 ஆகஸ்ட் 31இல் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து வீடுவீடாக அடித்து நொறுக்கியது. 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வைத்ததற்குத் தென்மாவட்டங்கள் எரிந்தன. கடைசியில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பேர் எல்லாவற்றையும் அரசு எடுத்தது. அதே வருசம் ஜூன் 30இல் மேலவளவு பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனும் அவரோடு வந்தவர்களும் ஓடுகிற பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1999 ஜூலை 23இல் கூலி கேட்டு ஊர்வலம் போன மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகத் திரண்டவர்களில் 17 பேர் தாமிரபரணியில் செத்தார்கள். இந்த ஏழு வருசமும் அந்தப் பாட்டு எங்க காதில் இருந்தது. இசையாக அதை ரசிக்கச் சொன்னால் எப்படி ரசிப்பது?

முப்பது வருசம் கழித்து ஒருவர் இதை மேடையில் கேட்டார். 2023 ஜூனில் ‘மாமன்னன்’ பாடல் வெளியீட்டில், கமல்ஹாசன் முன்னால் உட்கார்ந்திருக்க, ‘தேவர் மகன்’ தனக்குள் உண்டாக்கிய வலியை மாரி செல்வராஜ் சொன்னார். பெரிய தேவருக்கும் சின்ன தேவருக்கும் நடுவில் இருந்த இசக்கி என்ன ஆனான் என்ற கேள்வியிலிருந்துதான் தன் படம் வந்தது என்றார். கோயில் பூட்டை உடைக்கப் போய்க் கையை இழந்த அந்த இசக்கியாக நடித்த வடிவேலுதான் மாமன்னனாகவும் நடித்தார். எவ்வளவு கூச்சல்! பழைய படத்தை ஏன் கிளறுகிறாய், நல்ல கலையைக் கெடுக்கிறாய் என்றார்கள். அவர்கள் நினைத்துப் பார்த்தால் அது ரசனை. நாம் நினைத்துப் பார்த்தால் கிளறுவது.

நம்ம கேசட்டுகளும் இருந்தன. கீழவெண்மணிக் கொடுமைக்குப் பின் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’வைக் கே.ஏ. குணசேகரன் குரலில் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். அம்பேத்கர் நூற்றாண்டு விழாவுக்கு ஊரில் மைக் செட் வைத்திருந்தவர் வாடகைக்குத் தர மாட்டேன் என்றுவிட்டார். டவுனிலிருந்து சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தோம். கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிவு செய்து, மூன்றாம் நான்காம் பிரதியில் குரலைவிட இரைச்சல் அதிகமாக, அப்படித்தான் அந்தப் பாட்டுகள் சேரி சேரியாகப் போயின. விற்பனைக் கணக்கில் வராத கேசட்டுகள் அவை. வியாபாரத்தில் வராதது வரலாற்றிலும் வராது என்றுதானே இந்தப் பேச்சுகள் நினைக்கின்றன?

அது அந்தக் காலம், இப்போது மாறிவிட்டது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் மேடை ஏறியபோது கானாவும் பறையும் சாதி ஒழிப்புப் பாட்டாக ஒலித்தன. அந்தக் குழுவிலிருந்து வந்தவர் அறிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு நிலமில்லாமல் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து எடுத்து ‘எஞ்சாயி எஞ்சாமி’ எழுதிப் பாடினார். 2021 மார்ச்சில் அது உலகமெல்லாம் போனது. அதே வருசம் ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் கூடப் பாடிய தீயின் படம் வந்தது, அறிவு படம் இல்லை. பா. ரஞ்சித் கேட்ட பிறகுதான் தனியாக ஒரு அட்டை போட்டார்கள். 2022 ஜூலையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் அறிவு மேடையில் இல்லை. அவர் அமெரிக்காவில் இருந்தார் என்றார்கள். எழுதியதும் பாடியதும் நான் என்று அவரே எழுத வேண்டி வந்தது. இசை யாருடையது என்று பதிலுக்குப் பதில் அறிக்கை வந்தது. 2024இல் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டில் தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்றார். பணம் போன வழி ஒரு பிரச்சினை. பேர் போன வழி நமக்குத் தெரிந்த பழைய வழிதான்.

இன்னும் இருபது வருசத்தில் 2021ஐப் பற்றியும் மைக் முன்னால் உட்கார்ந்து ‘அந்தக் காலம் மாதிரி வருமா’ என்பார்கள். அப்போது வள்ளியம்மாள் பேர் அந்தப் பேச்சில் இருக்குமா? அது நாம் இப்போது என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. மைக்கும் ஸ்டூடியோவும் வேண்டியதில்லை, கையில் இருக்கிற செல்போன் போதும். நம்ம தெருவில் இன்னும் கொட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். சாமிக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி, கல்யாணத்துக்கு ஒரு அடி, ஒவ்வொன்றையும் அவர்கள் வாயால் சொல்லச் சொல்லி, கையால் அடிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். யாரிடம் கற்றார்கள், எந்த ஊர்ச் சாவுக்கு அடிக்க மறுத்தார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று கேளுங்கள். நடவுப் பாட்டுப் பாடும் கிழவிகளிடம் பாட்டோடு நிறுத்தாமல் எந்தப் பண்ணை வயலில் பாடினீர்கள் என்றும் கேளுங்கள். பேரையும் ஊரையும் வருசத்தையும் சேர்த்து எழுதி வையுங்கள். இந்தக் கிழவர்களில் பாதிப் பேர் அடுத்த ஐப்பசிக்கு இருக்க மாட்டார்கள்.