இசைய வைத்த இசை

வாதத்தில் ஒருவரை வெல்வது வேறு. அவர் உள்ளத்தை இசைய வைப்பது வேறு. வாதத்தில் தோற்றவர் வாயடைத்துப் போவாரேயன்றி மனம் மாறுவது அரிது. சொல்வன்மைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், அவையறிதலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். நாவன்மையைக் கலையாக ஆராய்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும் கேட்போரின் மனநிலையை விரிவாக ஆய்ந்தார். இவ்வுண்மையை ஏட்டில் கற்காமல் நாடக மேடையில் கற்றுத் தேர்ந்த ஒருவரைக் கொங்கு நாடு நமக்குத் தந்தது. அவரே உடுமலை நாராயணகவி.

உடுமலைப்பேட்டையை அடுத்த பூளவாடியில் 1899-ஆம் ஆண்டு பிறந்த அவர், வறுமையின் காரணமாகப் பள்ளிப் படிப்பைத் தொடர இயலாதவர். சிறு வயதிலேயே முத்துசாமிக் கவிராயரின் நாடகக் குழுவில் சேர்ந்து பாட்டும் நடிப்பும் பயின்றார். விடுதலைப் போராட்டக் காலத்தில் தேசியப் பாடல்களை இயற்றினார். பின்னர்ச் சமூகச் சீர்திருத்தக் கருத்துகளைத் திரையிசையில் வடித்துப் ‘பகுத்தறிவுக் கவிராயர்’ எனப் புகழ்பெற்றார். 1981-இல் மறைந்தார். அவருடைய கொள்கைகள் அனைத்தும் நமக்கு உடன்பாடானவை என்று கூற இயலாது. எனினும், கேட்க விரும்பாதவரையும் கேட்க வைத்த அவரது முறை நம் சிந்தனைக்கு உரியது.

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனுக்காக அவர் எழுதிய ‘கிந்தனார்’ கதாகாலட்சேபம் அதற்குச் சிறந்த சான்றாகும். 1949-இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ திரைப்படத்திலும் அது இடம்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரத்தைத் தமிழ் மக்கள் நன்கறிவர். தில்லையைக் காண ஏங்கிய ஒடுக்கப்பட்ட பக்தரின் கதை அது. அதே காலட்சேப வடிவத்தை எடுத்துக்கொண்ட கவிராயர், நந்தனின் இடத்தில் கிந்தனை நிறுத்தினார். நந்தன் ஏங்கியது தில்லைக்கு. கிந்தன் ஏங்குவதோ கல்விக்கு. எல்லாச் சாதியாரையும் ஒன்றாக ஏற்றிச் செல்லும் ரயிலை வியந்து பாடியபடி அவன் பட்டணம் போகிறான்; படித்துக் கல்வித்துறை அதிகாரியாகத் தன் ஊருக்கே திரும்புகிறான்.

சாதியைக் கண்டித்து அதே மேடையில் ஒருவர் சொற்பொழிவு ஆற்றியிருந்தால், அவையில் பாதிப் பேர் மனக்கதவை அடைத்திருப்பர். கிந்தனார் அக்கதவைத் தட்டவில்லை. திறந்திருந்த சாளரத்தின் வழியே உள்ளே வந்தார். மெட்டு பழகியது; கதையின் போக்கும் பழகியது. ஆகவே அச்சம் எழவில்லை. கலைவாணரின் நகைச்சுவையோ கேட்போரின் தற்காப்பைத் தளர்த்தியது. சிறுவனின் கல்விக்குத் தடையாக நின்றவர்களைப் பார்த்து அவை சிரித்தபோது, தீர்ப்பை அவையே வழங்கிவிட்டது. பிறர் சொன்ன முடிவை மறுக்கலாம். தானே எட்டிய முடிவை மறுப்பது எவருக்கும் கடினம்.

நாத்தான் இறைவாக்கினர் தாவீது அரசர் முன் நின்றதும் இம்முறையில்தான் அன்றோ? ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைச் சொல்லி, அரசரின் வாயாலேயே தீர்ப்பை வரவழைத்தார். அதன் பிறகே அம்மனிதர் யார் என்பதைச் சுட்டிக்காட்டினார். குற்றத்தை முதலிலேயே கூறியிருந்தால் அரசர் செவிமடுத்திருப்பாரா என்பது ஐயமே.

ஆயினும் இக்கலைக்கு ஓர் எல்லை உண்டு. கவிராயருக்கு உடுமலைப்பேட்டையில் மணிமண்டபம் எழுப்பப்பட்டுள்ளது. அதே நகரில், 2016 மார்ச் 13 அன்று, பேருந்து நிலையத்தின் அருகே, பட்டப்பகலில், சாதி கடந்து மணம் புரிந்த தலித் இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் ஒரு பொறியியல் மாணவர். கல்வி உயர்த்தும் என்று நம்பிப் பட்டணம் போன கிந்தனைப் போன்றே அவரும் படிக்கப் புறப்பட்டவர். இதனைக் கூறி ஓர் ஊரைப் பழிப்பது எளிது. இறந்தோரையும் சாதி வாரியாகப் பிரிக்கக் கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பிய வரலாறு நம் திருச்சபைக்கும் உண்டு என்பதை மறந்துவிடலாகாது.

அப்படியானால் கவிராயரின் பாட்டு தோற்றதா? பாட்டு தன் கடமையைச் செய்தது. கதையில் வரும் செல்வன்மேல் தாவீது சினந்தது எளிது; அச்செல்வன் தாமே என்று ஏற்றதே கடினம். நாத்தானின் சொல் நிறைவுபெற்றது அந்த ஏற்பில்தான். கிந்தனாரைக் கேட்டு நம் முன்னோர் சிரித்தனர், நாமும் சிரிக்கிறோம். நம்மைப் பார்த்தே நாம் சிரித்தோம் என்று உணர்ந்து எழுபவர் எத்தனை பேர்? இசைய வைப்பது பாடுபவரின் கலை. இசைந்தபடி வாழ்வது கேட்பவரின் கடமை. அதை நமக்காக எந்தக் கவிஞரும் செய்து தர இயலாது.