காதால் கேட்ட வழக்குகள்

கதை சொல்லும் இசைத்தட்டு மேற்கத்திய ராக் இசைக்காரர்கள் செய்துகாட்டிய புதுமை என்று நண்பர்கள் சிலர் பேசக் கேட்கிறேன். 1969இல் வந்த ‘டாமி’யிலிருந்து கணக்கைத் தொடங்கி, அமெரிக்க டிசம்பரிஸ்ட்ஸ் குழு 2009இல் வெளியிட்ட ‘தி ஹஸார்ட்ஸ் ஆஃப் லவ்’ வரை வருகிறார்கள். இந்த இரண்டாவதை நான் சிரத்தையோடு பல தடவை கேட்டேன். 17 உருப்படிகள், ஒரு மணிக்குச் சற்றுக் குறைவான நேரம், ஒரே கதை. மார்கரெட் என்ற பெண், மானாக உருமாறும் காதலன் வில்லியம், அவனை விட மனமில்லாத வனத்தரசி, பெற்ற பிள்ளைகளைக் கொன்ற கயவன் ஒருவன். ஆங்கில நாட்டுப்பாடல் மரபை எடுத்து மின்கிட்டாரில் முறுக்கேற்றியிருக்கிறார்கள். நல்ல இசை. ஆனால் பாட்டு அச்சிட்ட தாள் கையில் இல்லாமல் எனக்குக் கதை பிடிபடவில்லை. காதலனுக்கும் கயவனுக்கும் காலின் மெலாய் என்ற ஒரே பாடகர் குரல் கொடுக்கிறார். யார் பேசுவது என்பதைக் காதுக்குக் கண்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

காது மட்டும் கதையைப் பின்தொடர என்ன வேண்டும்? நம்மிடம் இதற்கு நீண்ட சரித்திரம் உண்டு. அதை யாரும் கலை விஷயமாக மதித்து எழுதாததற்குக் காரணம், அது டீக்கடையில் ஒலித்தது என்பதுதான்.

1930களில் கிராமபோன் கம்பெனிகள் ‘கோவலன்’, ‘நந்தனார்’ போன்ற மேடை நாடகங்களைப் பல தட்டுகள் கொண்ட செட்டுகளாக விற்றன. தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷம் சொச்சம். அதற்குள் ஒரு பாட்டு, கொஞ்சம் சம்பாஷணை. பிறகு எழுந்து போய்த் தட்டைத் திருப்ப வேண்டும். கதை துண்டுதுண்டாகத்தான் வந்தது. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை, கதை எல்லாருக்கும் தெரிந்ததுதானே. பின்னால் திரைப்படங்களின் வசனமே தட்டாகவும், வானொலியில் ஒலிச்சித்திரமாகவும் வந்தது.

இப்படிக் கேட்கப்பட்டவற்றில் ஜனங்கள் மனப்பாடமாக வைத்துக்கொண்டவை எவை என்று யோசித்தபோது எனக்கு ஒரு ஒற்றுமை தட்டுப்பட்டது. ‘பராசக்தி’யில் (1952) குற்றவாளிக் கூண்டில் நிற்கும் குணசேகரன். ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னில் (1959) ஜாக்ஸனுக்கு எதிரே கட்டபொம்மன். ‘திருவிளையாட’லில் (1965) சிவனை ஆழம் பார்க்கும் தருமி, பிறகு அதே சிவனோடு பாண்டியன் சபையில் மல்லுக்கு நிற்கும் நக்கீரன். ‘விதி’யில் (1984) சுஜாதா வக்கீல். காதல் காட்சி ஒன்றுகூட இந்தப் பட்டியலில் ஏறவில்லை. எல்லாமே வழக்கு.

இது தற்செயல் என்று தோன்றவில்லை. வழக்கில், பேசுபவன் யார் என்பதை எதிராளியின் கேள்வியே சொல்லிவிடுகிறது. கேட்டவன் ஒருவன், பதில் சொன்னவன் இன்னொருவன். படம் தேவையில்லை, தாளும் தேவையில்லை. இரண்டு குரல்களுக்கு நடுவே ஒரு இடம் காலியாக இருக்கிறது. சபையோரின் இடம். கேட்பவன் போய் அங்கே உட்கார்ந்துகொள்கிறான்.

‘விதி’ தெலுங்கு ‘நியாயம் காவாலி’யின் தழுவல், கே. விஜயன் இயக்கம், ஆரூர்தாஸ் வசனம். காதலித்து ஏமாற்றப்பட்ட பெண் (பூர்ணிமா) கோர்ட்டுக்குப் போகிறாள். ஏமாற்றியவனுக்காக வாதாடுவது அவனுடைய அப்பா (ஜெய்சங்கர்). பெண்ணுக்காக வாதாடுபவளோ அந்த அப்பாவாலேயே முன்னொரு காலத்தில் கைவிடப்பட்டவள். வசன நாடா வெளிவந்து கல்யாண வீடு, கோயில் திருவிழா, டீக்கடை என்று எங்கும் ஒலித்தது. எனக்கு அது கேள்வி ஞானம்தான். நான் பிறப்பதற்கு முந்திய விஷயம். பிற்பாடு நாடாவைத் தேடிக் கேட்டேன். வசனம் ஊதிப் பெருத்திருக்கிறது, உணர்ச்சி ஒவ்வொரு வாக்கியத்திலும் வழிகிறது, இதையெல்லாம் நம் ஆட்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் கேள்விகளின் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் பெண்ணின் மானத்தைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். பிறகு, ஒவ்வொரு படியாக, ஏற்றியவர்களே கூண்டில் ஏறுகிறார்கள். கைதேர்ந்தவன் செய்த வேலை இது. தீர்ப்பு என்ன என்பது முதல் தடவையே தெரிந்துபோகிறது. இருபதாவது தடவை கேட்டவர்கள் தீர்ப்புக்காகக் கேட்கவில்லை.

காஞ்சிபுரத்துக்காரனுக்கு இது புரிவதில் சிரமமில்லை. சுற்றுக் கிராமங்களில் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது, பகலில் பிரசங்கம், இரவில் விடிய விடியக் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். கூத்தில் வேஷக்காரன் திரைக்குப் பின்னாலிருந்தே பாட ஆரம்பிக்கிறான். கட்டியங்காரன் கேட்க, தான் இன்னார் என்று தன் வாயாலேயே சொல்லிக்கொள்கிறான். மெலாயிடம் எனக்குக் கிடைக்காதது இதுதான். சூதாட்டத்து இரவில் திரௌபதி அழுவதோடு நிற்பதில்லை. தன்னையே முதலில் தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை உண்டா என்று சபையைக் கேட்கிறாள். சட்டப் பிரச்னை. பீஷ்மர் முதலானவர்களிடமிருந்து நேரான பதில் வருவதில்லை. பதில் வராத அந்த இடத்தில்தான் ஊர் ஜனம் பாயை விரித்து உட்கார்ந்திருக்கிறது.

இந்த ஊரிலிருந்து போன அண்ணாதுரை இதை நன்றாக அறிந்திருந்தார். ‘நீதிதேவன் மயக்க’த்தில் ராமாயணத்தையே அவர் மறுவிசாரணைக்குக் கொண்டுவருகிறார்; இரக்கமில்லாதவன் என்ற தீர்ப்பை எதிர்த்துக் கம்பரோடு ராவணன் வாதாடுகிறான். நாடகம் என்ற வகையில் அது மெலிந்தது. கதையை வழக்காக்கினால் தமிழ்க் காது நிமிரும் என்ற கண்டுபிடிப்பு மெலிந்ததல்ல. (வரதராஜர் கோயிலில் பிரபந்தத்தை யார் ஓதுவது என்று வடகலையாரும் தென்கலையாரும் தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுக்கு நடந்த ஊர் இது. இங்கே பாட்டுக்கே வழக்கு.)

தறியையும் சொல்ல வேண்டும். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்கள், ஓரத்தில் நாடாவை வாங்கிப் போட இன்னொரு ஆள். தறிக்குழியில் கால், நாடாவில் கை, கரை கூடும் இடத்தில் கண். மிச்சமிருப்பது காது. கடன் விண்ணப்பங்களோடு எங்கள் வங்கிக்கு வரும் வயதான நெசவாளிகளிடம் ‘விதி’யைப் பற்றி விசாரித்திருக்கிறேன். படம் பார்த்தீர்களா என்றால் ஞாபகமில்லை என்பார்கள் சிலர். கோர்ட் சீனை எடுத்துவிட்டாலோ இரண்டு பக்கத்து வாதமும் தட்டாமல் வரும், ஜெய்சங்கர் பக்கத்து வாதமும்கூட. ஒருவர் அந்தக் குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு என்று என்னிடம் வாதாடினார். வரிசையில் நின்றவர்கள் தீர்ப்பு சொன்னார்கள். டோக்கன் நம்பர் இரண்டு தாண்டிப் போய்விட்டது.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’வைத் தொடங்கியபோது, மேடையின் உரத்த குரல் காதைச் செவிடாக்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து விலகி, ஒருவன் தனியே, மௌனமாக, கண்ணால் படிக்கிற கவிதை வேண்டியிருந்தது. அந்த விலகல் அவசியமானது. அது இல்லாமல் நாம் யாரும் எழுத வந்திருக்க மாட்டோம். 1962இல் வந்த தொகுப்புக்கு ‘புதுக்குரல்கள்’ என்று பெயர் வைத்தார் செல்லப்பா. குரல் என்று பெயர், ஆனால் காகிதத்தில் அமைதியாக இருக்கும் கவிதைகள். சப்தத்தைக் குறைத்தோம், சரி. கூடவே எதிராளியையும் அனுப்பிவிட்டோம் என்பதுதான் என் புகார். பெரும்பாலான புதுக்கவிதையில் பேசுகிறவனுக்கு எதிரே யாரும் இல்லை. மறுத்துப் பேச ஆளில்லாத இடத்தில் எந்த வருத்தமும் நிரூபணமான வருத்தமாகிவிடுகிறது. வாசகனுக்கு உட்கார இடமில்லை. ஒட்டுக்கேட்க மட்டும் முடிகிறது.

எல்லாரையும் இதில் சேர்க்க முடியாது. 1968இல் ‘நடை’யில் எழுத வந்த ஞானக்கூத்தன் மேடைப் பேச்சாளரைக் கேலி செய்தார் என்று மட்டும் நாம் நினைவு வைத்திருக்கிறோம். கேலி செய்வதற்கு அந்தப் பேச்சை அவர் நுணுக்கமாகக் காதில் வாங்கியிருக்க வேண்டும். அவர் கவிதைகளில் ஓசை போகவில்லை. எதிரே இன்னொருவன் நின்றுகொண்டிருக்கிறான், பெரும்பாலும் மைக்கைப் பிடித்தபடி.