கைத்துப்பாக்கியின் வரலாற்றை மாற்றிய தோட்டா: மணியாச்சி முதல் பாலசோர் வரை

திருநெல்வேலி ஆட்சியர் ஆஷை 1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ரயில் சந்திப்பில் சுட்டுக் கொல்ல வாஞ்சிநாதன் பயன்படுத்தியது, பெல்ஜியத்தில் தயாரான பிரவுனிங் தானியங்கி கைத்துப்பாக்கி. அவ்வகை ஆயுதம் அறிமுகமாகி அப்போது 20 ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை.

தானியங்கி என்பது என்ன?

ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருக்கும். தானியங்கி கைத்துப்பாக்கியிலோ, சுடும்போது எழும் பின்னுதைப்பு விசையே வெற்று உறையை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். எனினும், ஒவ்வொரு முறையும் விசையை அழுத்தினால்தான் குண்டு பாயும்.

இதைச் சாத்தியமாக்கியது தோட்டாவில் ஏற்பட்ட மாற்றம். பழைய கரிமருந்து அதிகக் கசடை விட்டுச்சென்று நுட்பமான இயங்குபாகங்களை முடக்கியது. 1884-இல் பிரான்சில் உருவான புகையற்ற வெடிமருந்து அக்குறையைப் போக்கியது.

இதையடுத்து, 1893-இல் ஹ்யூகோ போர்ச்சார்ட் வடிவமைத்த கைத்துப்பாக்கி வணிகரீதியில் விற்பனைக்கு வந்தது. அதன் தோட்டாவை அடியொற்றியே ஜெர்மனியின் மவுசர் நிறுவனத்தின் 7.63 மி.மீ. தோட்டா உருவானது.

ரோடா ஆயுதக் கொள்ளை

1914-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26-ஆம் தேதி, கல்கத்தாவின் ரோடா நிறுவனத்துக்குக் கப்பலில் வந்த 202 பெட்டிகளில் 10 பெட்டிகள் கிடங்கைச் சென்றடையவில்லை. அந்நிறுவன ஊழியர் ஸ்ரீஷ் சந்திர மித்ராவின் உதவியுடன் புரட்சியாளர்கள் அவற்றைக் கைப்பற்றினர். அவற்றில் இருந்தவை 50 மவுசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும்.

துப்பாக்கிகளைவிடத் தோட்டாக்களே இங்கு முக்கியமானவை. பிரிட்டிஷ் ராணுவத்தின் வெப்லி ரிவால்வரில் பயன்பட்ட .455 அங்குலத் தோட்டா மவுசரில் பொருந்தாது. எனவே, காவல் நிலையத்திலோ படைமுகாமிலோ தோட்டாக்களைக் கைப்பற்றினாலும் பயனில்லை. உரிய தோட்டா தீர்ந்தால் மவுசர் வெறும் இரும்புதான். துப்பாக்கி ஒன்றுக்குச் சராசரியாக 920 தோட்டாக்கள் என்ற கையிருப்பே அக்கொள்ளையின் உண்மையான வலிமை.

அத்துப்பாக்கிகளில் 44, வங்கத்தின் 9 புரட்சிக் குழுக்களுக்கு உடனடியாகப் பகிரப்பட்டதாக 1918-ஆம் ஆண்டின் ரௌலட் குழு அறிக்கை பதிவுசெய்தது. 1915 செப்டம்பர் 9-இல் ஒடிசாவின் பாலசோர் அருகே காவல்துறையினரை எதிர்த்து மவுசர்களுடன் போரிட்டுக் காயமடைந்த பாகா ஜதின், மறுநாள் உயிரிழந்தார்.

இன்றும் தொடரும் தோட்டா

போர்ச்சார்டின் வடிவமைப்பை மேம்படுத்திய ஜார்ஜ் லூகரின் 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டா 1902-இல் வெளிவந்தது. மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் தயாராகும் 9 மி.மீ. கைத்துப்பாக்கியும் அதே தோட்டாவையே பயன்படுத்துகிறது.